ஒட்டிவைத்த ஸ்விட்ச்

அவனை எல்லாரும் காது என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய காது இல்லை, நல்ல காது. வேற்றுமொழித் தொடர்களுக்குக் குரல் மாற்றிக் கொடுக்கிற ஒலிப்பதிவுக்கூடம் அது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் மைக்கின் முன் நிற்பவர்களின் குரலைப் பதிவு செய்வது அவன் வேலை. மைக்குக்கு முன்னால் ஒருவர் சட்டைப் பொத்தானைத் தடவினால் அவனுக்குக் கேட்கும். வயிறு காலியாக இருந்தால் கேட்கும். "போய்ச் சாப்பிட்டு வாங்க, குடல் வசனம் பேசுது" என்பான். இல்லை என்று யாரும் சாதித்ததில்லை.

அன்று காலை பேய் அக்கா மைக்கின் முன் நின்றாள். கதாநாயகிகளுக்குக் குரல் கொடுப்பவள். பழைய பேய்த் தொடர் ஒன்றில் அவள் போட்ட ஒரு அலறலில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவர் சூடான டீயை மடியில் கொட்டிக்கொண்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

இரண்டு வரிதான் பேசியிருப்பாள். காது கையைத் தூக்கினான்.

"அக்கா, போதும். வீட்டுக்குப் போங்க."

"ஏன்டா, நல்லாதானே பேசினேன்?"

"நல்லாதான் பேசினீங்க. 'ன' வர்ற இடத்துல எல்லாம் ஈரம் இருக்கு. சாயங்காலம் காய்ச்சல் அடிக்கும்."

"நீ என்ன ஜோசியக்காரனா?"

"ஜோசியம் இல்லக்கா. சளி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசனம் சாருக்கு முகம் சுருங்கியது. வேற்றுமொழி உதட்டசைவுக்குப் பொருந்துகிற மாதிரி வசனம் எழுதுவதும், அதை மற்றவர்களைப் பேசவைப்பதும் அவர்தான். தொடர் முடிவை நெருங்கியிருந்தது. ஒளிபரப்புகிறவர்கள் அவர் தலையில் உட்கார்ந்திருந்தார்கள். "இவன் காதை வச்சுக்கிட்டு நான் எப்படித் தொடரை முடிக்கிறது" என்று முனகினார். ஆனால் தடுக்கவில்லை. காது சொன்னது இதுவரை பொய்த்ததில்லை.

இந்தத் தடவையும் பொய்க்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் பேய் அக்கா போர்வைக்குள் இருந்தாள். ஃப்ளூ என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காது ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தான். மைக்கைத் துடைத்தான், ஹெட்ஃபோனைத் துடைத்தான், வசனத்தாள் வைக்கிற ஸ்டாண்டைத் துடைத்தான், கதவுக் கைப்பிடியை இரண்டு பக்கமும் துடைத்தான். அறை ஆஸ்பத்திரி மாதிரி நாறியது. அவனுக்கு அந்த நாற்றம் பிடித்திருந்தது. கிருமியை வாசலிலேயே பிடித்துக் கழுத்தைத் திருகிவிட்ட திருப்தி.

இந்த வேகத்துக்குக் காரணம் வீட்டில் இருந்தது.

அவன் மனைவி பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். விசிலைத் தொலைத்துவிட்டு ஒரு வருடம் முழுக்க விசில் இல்லாமலே மைதானத்தை நடத்தியவள். அப்படி ஒரு தொண்டை. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது அவளுடைய அண்ணன் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். உடம்பு அதை வேற்றாள் என்று சண்டை போட்டு விரட்டிவிடாமல் இருக்க, வாழ்நாள் முழுக்க மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் காவல்காரனை அரைத்தூக்கத்தில் வைக்கும். அந்தக் காவல்காரன் அண்ணன் கொடுத்த சரக்கை விட்டுவைப்பான். வருகிற போகிற திருடனையும் விட்டுவிடுவான். மற்றவர்களைக் கொஞ்ச நாள் படுக்கவைத்துவிட்டுப் போகிற ஃப்ளூ அவளை ஆஸ்பத்திரியில் தூக்கிப்போடும். கொடுத்த சிறுநீரகமும் போய்விடலாம். அதனால் வேலையை விட்டாள். பிள்ளைகள் என்றால் சும்மாவா. மூக்கொழுகல், சிவந்த கண், வாந்தி, சின்னம்மை, தாடைவீக்கம் எல்லாம் புத்தகப்பையோடு வரும்.

ஃப்ளூ தடுப்பூசியை வீட்டில் எல்லாரும் போட்டிருந்தார்கள். ஊசி போட்டபோது டாக்டர் ஒன்று சொன்னார்: "இவங்க உடம்புல ஊசி பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதி நீங்கதான். நீங்க கொண்டுவரலைன்னா இவங்களுக்கு வராது." காது அந்த வார்த்தையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து வீட்டு வாசலிலேயே சட்டையைக் கழற்றி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவான்.

"நீங்க தேய்க்கிற தேய்ப்புல கை ரேகை அழிஞ்சிடும். அப்புறம் போன்கூடத் திறக்காது" என்பாள் அவள்.

அண்ணன் வேறு ரகம். சாயங்காலமானால் போன் வரும். காதை அவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

"மாப்ள, என் சரக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மச்சான்."

"தண்ணி காட்டுறியா?"

"காட்டுறேன்."

"வாடகைக்குக் குடுத்த வீடு மாதிரிதான் மாப்ள. ஆணி அடிச்சா நான் கேப்பேன்."

பேய் அக்கா படுத்த பிறகும் வேலை நிற்கவில்லை. கடைசிப் பகுதிகள் முழுக்கப் போர். போர் என்றால் கூட்டம். கூட்டக் குரலை ஒவ்வொருவராகப் பதிவு செய்தால் உயிர் இருக்காது. எல்லாரும் ஒரே அறையில் நின்று ஒரே நேரத்தில் கத்தவேண்டும். அக்காவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் கோட்டை வாசலில் நடக்கிற முதல் சண்டையை அப்படித்தான் முடித்திருந்தார்கள். அப்போது அவளும் நடுவில் நின்று கத்தினாள். இப்போது இரண்டாவது சண்டை. ஒரு குரல் குறைந்தது.

"நீ உள்ள போ" என்றார் வசனம் சார்.

"எனக்கு நடிக்க வராது சார்."

"குத்துப்பட்டுச் சாகிறவனுக்கு நடிப்பு எதுக்கு? வலிக்கிற மாதிரி கத்து. கல்யாணம் ஆனவன்தானே."

காது பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே போய் நின்றான். எல்லாருடைய ஹெட்ஃபோனையும் துடைத்திருந்தான். பின்வரிசையில், சுத்தம் என்று எல்லாரும் கூப்பிடுகிறவன் நின்றான். கூட்டக் குரல் கொடுக்கிறவன். சொந்த ஹெட்ஃபோன், சொந்தத் தண்ணீர், கதவை முழங்கையால்தான் தள்ளுவான். யாராவது கை நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். எல்லாரும் கிண்டல் பண்ணினார்கள். காதுக்கு மட்டும் அவன் மேல் மரியாதை.

கத்தினார்கள். செத்தார்கள். எழுந்து மறுபடி செத்தார்கள். பதிவு பிரமாதமாக வந்தது.

மறுநாள் காலையில் கூட்டத்தில் பாதிப்பேர் வரவில்லை. போன் மேல் போன். காய்ச்சல், உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது, தலை தூக்க முடியவில்லை. கடைசிப் போனைக் கேட்டுவிட்டு வசனம் சார் சிரித்தார். வேறு வழியில்லாத சிரிப்பு.

"சுத்தத்துக்கும் காய்ச்சலாம்பா."

காது நாற்காலியில் உட்கார்ந்தான். மற்றவர்கள் பரவாயில்லை. சுத்தத்துக்கு எப்படி?

அக்காவின் குரலில் ஈரம் தட்டிய அன்று சுத்தம் கூடத்துக்கே வரவில்லை. அவள் தொட்ட எதையும் அவன் தொட்டதில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து நின்றது அதற்கு முந்தின நாள், கோட்டை வாசல் சண்டையில். அதிலும் அவன் கடைசி வரிசை. இதற்கு நேர்மாறாக, வில்லன் குரல் கொடுக்கிறவர் மைக்கைத் தின்றுவிடுவது போல வாயோடு வைத்துப் பேசுகிறவர். காது துடைத்த பிறகு அவர் பிடித்தது அக்கா பிடித்த அதே மைக், மாட்டியது அவள் மாட்டிய அதே ஹெட்ஃபோன். ஆனால் அவர் எப்போதும் தனியாகத்தான் பதிவுக்கு வருவார். அவர் காலையில் தெம்பாக போன் பண்ணி, "இன்னைக்கு என்னைக் கொல்லுவீங்களா, இல்ல நாளைக்கா?" என்று கேட்டிருந்தார்.

ஸ்பிரிட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. திருடன் வந்த வழிதான் வேறு.

காது கோட்டை வாசல் பதிவை எடுத்து ஓடவிட்டான். யாரோ அன்றைக்கே இருமியிருக்கவேண்டும், தான் கவனிக்காமல் விட்டிருக்கவேண்டும் என்று நினைத்தான். ஹெட்ஃபோனை அழுத்தி, கண்ணை மூடி, ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கேட்டான். இருமல் இல்லை. தும்மல் இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூட இல்லை. அக்காவின் குரல் நடுவில் மணி மாதிரி இருந்தது. ஈரம் துளிகூட இல்லை. சொந்தத் தங்கையை இழந்தவள் போல அவள் அலறியதைக் கேட்டு, அன்றைக்கு அவனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தான்.

அப்படியானால் அவளுக்கே தெரியாமல் அவளுக்குள் அது வந்து உட்கார்ந்திருந்திருக்கிறது. தொண்டை கரகரப்பதற்கு முன்னால், காய்ச்சல் வருவதற்கு முன்னால், அவன் காதுக்கு எட்டுவதற்கு முன்னால். இருமவேண்டிய அவசியமே இல்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினால் போதும், கண்ணுக்குத் தெரியாத ஈரம் வாயிலிருந்து கிளம்பிவிடும். கத்துவதற்குத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கிளம்பினது எங்கே போனது?

அதைத்தான் அவன் கடைசியாகக் கேட்டான். குரல்கள் ஓய்ந்து, அடுத்த வெட்டுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் ஒன்றுமே இல்லை. துடைத்துவைத்த அமைதி. அவன் பெருமைப்படுகிற அமைதி. அதை உண்டாக்கினவன் அவன்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கப் பஞ்சு. கதவு இரட்டைக் கதவு. ஏசி இருக்கிறது, ஆனால் அது உள்ளே இருக்கிற காற்றையேதான் சுற்றிச்சுற்றிக் குளிரவைக்கும். வெளிக்காற்றை உள்ளே இழுத்து, பழைய காற்றை வெளியே தள்ளுவது கூரையில் இருக்கிற ஃபேன். அந்த ஃபேனுக்கு ஒரு முனகல் உண்டு. வசனம் சாருக்குக் கேட்காது, அக்காவுக்குக் கேட்காது, ஊரில் ஒருத்தருக்கும் கேட்காது. இவனுக்குக் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதிவின்போது மட்டும் அணைப்பான். போகப்போக எதற்கு வம்பு என்று ஸ்விட்சின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, வெள்ளைப் பேனாவால் 'தொடாதே' என்று எழுதிவிட்டான். டேப் ஓரமெல்லாம் அழுக்கேறிப் பிசுபிசுத்துப்போயிருந்தது. அத்தனை காலமாக அந்த ஃபேன் சுற்றவில்லை.

சத்தம் வெளியே போகாத அறையிலிருந்து மூச்சும் வெளியே போகவில்லை. ஒருவர் விட்டதை இன்னொருவர் வாங்கி, வாங்கினதை இன்னொருவர் மேல் விட்டு, அரைநாள் முழுக்கக் கத்தினார்கள். கடைசி வரிசையும் ஒன்றுதான், முதல் வரிசையும் ஒன்றுதான். இவன் ஸ்பிரிட்டை வைத்துக்கொண்டு கதவுக் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

நேற்றைய இரண்டாவது சண்டையில் சுத்தமும் மற்றவர்களும் அதே நிலையில் நின்று கத்தியிருக்கிறார்கள். உள்ளே வந்துவிட்டது, வெளியே தெரியவில்லை. அவர்களுக்கு நடுவில் நின்று குத்துப்பட்டுச் செத்தவன் அவனும்தான்.

காது எழுந்துபோய் டேப்பைக் கிழித்தான். ஸ்விட்சைத் தட்டினான். ஃபேன் தொண்டையைக் கனைத்துவிட்டு, கூரையிலிருந்து ஒரு கை தூசியைக் கொட்டிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. அந்த முனகல் அவன் பல்லைக் கூசவைத்தது. அணைக்கவில்லை.

பிறகு மனைவிக்குப் போன் போட்டான்.

"இன்னைக்கு வீட்டுக்கு வரல."

"ஏன்?"

"எனக்கு வந்திருக்கலாம்."

"காய்ச்சல் அடிக்குதா?"

"இல்ல. நல்லாதான் இருக்கேன். அதான் பயம்."

 அவள் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் அவனுக்குக் கேட்டது.

"உங்களுக்குத்தான் வந்தா கேக்குமே."

"இது கேக்காது. கேக்கறதுக்குள்ள ஊருக்கே குடுத்துட்டுப் போயிடும். நேத்துதான் அந்த ரூம்ல நின்னேன். வரணும்னு இருந்தா இனிமேதான் வரும்."

"அப்ப எங்க படுப்பீங்க?"

"உங்க அண்ணன் வீட்டு மாடியறை."

"அவர் உங்களைக் கேள்வி கேட்டே கொல்லுவார்" என்றாள். "சரி, போங்க. நான் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிடறேன். எனக்கு உடம்பு ஏதாவது சூடு காட்டினா உடனே வரச் சொல்லுவார்." குரலில் நடுக்கம் இல்லை. மைதானத்தில் அணி பிரிக்கிற குரல்.

மச்சான் மாடியறையின் இரண்டு ஜன்னலையும் திறந்துவைத்து, படிக்கட்டின் அடியிலேயே நின்றுகொண்டார். முகக்கவசம் மூக்குக்குக் கீழே தொங்கியது.

"மூக்கையும் மூடுங்க மச்சான். அது வழியாத்தான் மூச்சு விடறீங்க."

மேலே இழுத்துக்கொண்டார். "சாப்பாடு படியில வைப்பேன். நீ எடுத்துக்கோ. நீ கீழ இறங்கினா நான் வெளிய போயிடுவேன். என் தங்கச்சியை நான் பாக்கப் போகமாட்டேன், உன்னையும் பாக்க வரமாட்டேன். நான் பாட்டுக்கு நடுவுல கிடப்பேன். இந்தக் குடும்பத்துக்கு நான் கிட்னி குடுத்தது போதாதா."

"குடுத்ததைக் காப்பாத்தத்தான் இங்க வந்து படுத்திருக்கேன்."

"அதுக்காகத்தான் உள்ள விட்டேன். இல்லன்னா உன் மூஞ்சிக்கு யார் ரூம் குடுப்பா."

மறுநாள் மதியம் அவன் மச்சானுக்கு ஒரு பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, 'ன' வருகிற இடத்தில் ஈரம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் முதுகில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி வலி. போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தான். காய்ச்சலில் பல் தந்தியடித்தது. ஆனாலும் ஒரு நிம்மதி. வந்த விருந்தாளி வந்த இடம் தப்பு. உள்ளே போகவேண்டிய வீடு அடுத்த தெருவில், கதவு சாத்தி, நலமாக இருந்தது.

படுத்த மூன்றாம் நாள் வசனம் சார் போன் பண்ணினார். பேய் அக்கா எழுந்துவிட்டாள். சுத்தமும் மற்றவர்களும் தேறிக்கொண்டிருந்தார்கள். இன்னும் காய்ச்சல் வராதவர்களும் இருந்தார்கள். கடைசிப் போர் மட்டும் பாக்கி.

"நீ வந்ததும் ஒரே நாள்ல அடிச்சு முடிச்சிடலாம்பா."

"ஃபேன் போட்டாத்தான்."

"போட்டா சத்தம் கேக்கும்னு நீதானே தலைபாடா அடிச்சுக்குவ?"

"இன்னும் கேக்கும் சார்."

"அந்தக் காலத்துப் போர்ல ஃபேன் ஓடுமா? ராஜா குதிரையில வர்றப்ப பின்னாடி கொர்ர்ருனு இருந்தா ஒளிபரப்பறவன் என்னைத் தூக்கில போடுவான்."

"ஃபேன் இல்லாம அந்த ரூம்ல கூட்டம் நிக்காது. இன்னும் வராதவங்க இருக்காங்க, அவங்க வீட்ல வயசானவங்க இருப்பாங்க, கைக்குழந்தை இருக்கும். தெரிஞ்சே நான் அந்த ஃபேனை அணைக்கமாட்டேன்."

"அப்ப போர் எப்படி நடக்கும்?"

காது இருமினான். இருமி முடிக்கிற வரைக்கும் யோசித்தான். ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ பெயர் சொல்லாமல் திட்டினார்கள். அந்தத் திட்டு சுவரில் மோதாமல், தேங்காமல், நேராகப் போய் வானத்தில் கரைந்தது. அவனுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

"சார், கடைசிப் போர் எங்க நடக்குது?"

"சமவெளியில."

"சமவெளிக்குக் கூரை இருக்கா?"

அவன் கொஞ்சம் தெம்பாக நடமாடத் தொடங்கி, காய்ச்சல் முழுதாக விட்டு, மச்சான் படிக்கட்டைப் பாதி ஏறத் துணிந்த பிறகு, ஒரு பகல் வேளையில் கூடத்தின் மொட்டை மாடியில் போர் தொடங்கியது. மைக்குகளுக்குக் காற்றுத்தடுப்பு உறை மாட்டியிருந்தான். தூரம் தூரமாக நிற்கவைத்தான். போர்வீரர்கள் ஒருவருக்கொருவர் முகத்தில் கத்தாமல் எல்லாரும் ஒரே திசையைப் பார்த்துக் கத்தவேண்டும், காற்று முதுகிலிருந்து அடிக்கவேண்டும் என்பது உத்தரவு. சுத்தம் மட்டும் இன்னும் இரண்டு ஆள் தூரம் தள்ளிப்போய் நின்றான். இந்தத் தடவை யாரும் கிண்டல் பண்ணவில்லை.

"ஏன்டா காதா, எனக்கு வந்தது எனக்கே தெரியாம இவங்களுக்கெல்லாம் குடுத்தேனாமே" என்றாள் பேய் அக்கா.

"நீங்க குடுக்கலக்கா. நான் அடைச்சு வச்சு ஊட்டிவிட்டேன்."

"அப்ப என்னைப் பேய்னு சொல்லாத. நீதான் பேய்."

அப்போதுதான் படிக்கட்டில் மச்சானின் இருமல் கேட்டது. சிகரெட் இருமல், காதுக்கு அது நன்றாகத் தெரியும். அவருக்குப் பின்னால் முகக்கவசத்தோடு அவன் மனைவி. அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவன் அவளை ஒருநாளும் கூடத்துக்குக் கூட்டிவந்ததில்லை.

"நீ எதுக்கு வந்த?"

"மொட்டை மாடிதானே. மேல வானம் இருக்கு. நீங்கதான் போன்ல பாடம் எடுத்தீங்க, அடைச்ச ரூம்தான் ஆபத்துன்னு."

"இருந்தாலும்."

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். கவசத்தைக் கழட்டாம, தள்ளி நின்னுட்டு வரலாம்னார். மீதிப் பாதி நீங்கன்னு அவர் சொன்னது உங்களைத்தான். வீட்டுச் சுவரை இல்ல."

 வசனம் சார் வாயை மூடிச் சிரித்தார். காது சுற்றிப் பார்த்தான். காற்று வருகிற பக்கத்து மூலை காலியாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி ஓரம், எல்லாருக்கும் முதுகுப் பக்கம். அங்கே கை காட்டினான். அவள் போய் நின்றாள்.

போர் ஓடியது. பக்கத்துக் கட்டிடத்தில் ஜன்னல்கள் திறந்தன. ஒரு பெண் எட்டிப்பார்த்து, யாரையோ வெட்டுகிறார்களா என்று கேட்டாள். ராஜாவை என்று வசனம் சார் சொன்னார். பரவாயில்லை என்று அவள் ஜன்னலைச் சாத்தினாள். ராஜா சாய்கிற உச்சக்கட்டத்தில், கீழே ஒரு லாரி பின்னால் வந்து 'பீப் பீப்' என்று அடித்தது. அந்தக் காலத்து லாரி. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"மறுபடியும்" என்றார் வசனம் சார். "ஆனா ராஜாவோட தளபதி கூப்பிடறது கூட்டத்தைத் தாண்டி வரணும். சமவெளி முழுக்கக் கேக்கணும். இப்ப கேக்கறது, கடன்காரனைக் கூப்பிடற மாதிரி இருக்கு."

தளபதிக்குக் குரல் கொடுத்தவன் காய்ச்சலில் இருந்து அப்போதுதான் எழுந்தவன். இரண்டு முறை முயன்றான். தொண்டை கிழிந்தது.

"என்ன சொல்லணும்?" என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து கேட்டாள் விளையாட்டு டீச்சர்.

"'வரிசையை விடாதீங்க'ன்னு."

"அவ்வளவுதானா? அதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன்."

காது பதிவுப் பொத்தானை அழுத்தினான். அவள் மூச்சை இழுத்தாள். முகக்கவசம் உள்ளே ஒட்டிக்கொண்டது. பிறகு வந்தது. துணிக்குள்ளிருந்து வந்ததாலோ என்னவோ, இரும்புக் கவசத்துக்குள்ளிருந்து ஒருவன் கத்துகிற மாதிரியே இருந்தது. தொட்டி மேல் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. கீழே லாரிக்காரன் பிரேக் போட்டு நின்றான். பதிவுப் பெட்டியின் முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

வசனம் சார் வாயைப் பிளந்தார். "என்னப்பா குரல் இது?"

"கத்தினது அவ இல்ல சார்" என்றார் மச்சான், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "உள்ள இருக்கறது என் சரக்கு."

காது ஹெட்ஃபோனைக் கழற்றாமலே திரும்பி, சத்தம் ஜாஸ்தி, இரண்டு அடி பின்னால் போ என்று கையால் காட்டினான். அவள் பார்த்தாள். போகவில்லை. அடுத்த தடவைக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.